வெட்டிச் செய்த கழிவு

பார்கவியின் முகம் அட்டையில் அச்சாகி வந்த நாளிலிருந்து அவள் மாமியார் முத்தம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணிப்பையில் தொங்கவிடுகிற சின்ன அட்டைதான். அதில் மருமகள் பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே இங்கிலீஷில், ‘இந்தப் பையைத் தைத்தவர் பார்கவி, வீணாகிப் போக இருந்த துணியைக் காப்பாற்றியவர்’ என்று போட்டிருக்கிறது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் அந்த அட்டையைப் பார்க்காத வீடு கிடையாது. பால் பூத்காரருக்கு இரண்டு தடவை காட்டியாயிற்று.

நடுவில் ஊருக்குப் போய் ஓரிரண்டு இதழைத் தவறவிட்ட வாசகிகளுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முத்தம்மாவின் மகன் பிரகாஷ், ஜீவனஹள்ளியில் குடோன் வைத்திருக்கிறான். கார்மென்ட்ஸ் கம்பெனிகள் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளை வாங்கி விற்பது தொழில். மகள் மமதா, மகாதேவபுரா பக்கம் ஒரு பெரிய கார்மென்ட்ஸ் கம்பெனியில் சுற்றுச்சூழல் பிரிவு அதிகாரி. அங்கேயே தையல்காரியாக இருந்த அண்ணி பார்கவியைத் தன் புதுத் திட்டத்துக்கு இழுத்துக்கொண்டவளும் அவள்தான். மிஞ்சிய துண்டுகளை எரிக்காமல், குப்பையில் கொட்டாமல், ஒட்டுப் போட்டுப் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அந்தத் திட்டம். துண்டு கொடுப்பது அண்ணன், தைப்பது அண்ணி, பெயர் வாங்குவது தங்கை. ஒரே குடும்பம் உலகத்தையே காப்பாற்றுகிறது என்று போன வாரம் நாமும்தான் கைதட்டினோம்.

இன்றைக்கு ஆயுத பூஜை. தெருவில் ஆட்டோ, பைக், இஸ்திரி வண்டி என்று சக்கரம் உள்ளதெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் பார்கவியின் தையல் மெஷினுக்குச் சந்தனம் வைத்தாயிற்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொட வேண்டும், அதுவரை ஊசியில் நூல்கூடக் கோர்க்கக் கூடாது என்பது முத்தம்மாவின் சட்டம்.

“இன்னாமா, உன் வீட்டுக்காரன் பல்லு கூட வெளக்காம ஓடிட்டான்? நாளும் கெழமையுமா?”

“குடோன்ல பூஜை இருக்குன்னாரு அத்தை.”

“குங்குமம் எடுத்துக்கினு போனானா? எலுமிச்சம்பழம்? எல்லாம் இங்கயே கீது. சும்னே பேருக்கு ரெண்டு ஊதுவத்தியக் காட்டிட்டு வந்துடுவான். நீ போயி மொறையா பண்ணிட்டு, அப்படியே ஃபேக்டரிக்குப் போ. இந்தப் பட்டுப் புடவையோடயே நில்லு. ஃபாரின்காரங்க முன்னாடி மூஞ்சி எடுப்பா தெரியணும்.”

ஃபாரின்காரர்கள் வரப்போவது மத்தியானம். பைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வருகிறார்கள். ஃபேக்டரி பூஜையைப் பார்த்துவிட்டு, பார்கவி பேசுவதை வீடியோ எடுக்கப் போகிறார்கள். ‘ஒரு துண்டுகூட வீணாக்க மாட்டோம்’ என்று தொடங்குகிற நாலு வரியை மமதா சொல்லிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்திருந்தாள்.

பார்கவி அந்த நாலு வரியையும் நம்பினாள். ஒரு சட்டைத் துணிக்குப் பருத்திச் செடியிலிருந்து சாயத் தொட்டி வரை எத்தனை தண்ணீர் போகிறது என்று மமதா விளக்கிய அன்றைக்கு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று அடிபட்டதெல்லாம் நினைவுக்கு வந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு ஒரு விரலகலத் துண்டைக்கூடக் கீழே போடாமல் தைத்தாள். சக தையல்காரிகள் கருமி என்று கேலி செய்தார்கள். செய்தால் என்ன?

பூஜைச் சாமான் கூடையோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். குடோன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம்.

ஆயுத பூஜையன்று மெஷின் சத்தமா? பக்கத்துக் குடோனாக இருக்கும் என்று நினைத்தபடியே குனிந்து உள்ளே போனாள்.

குடோன் வேலையாள் நாணு கட்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. மேஜையில் அடுக்கடுக்காக விரித்த கடுகு நிறத் துணியை அது கையகலத் துண்டுகளாக அறுத்துத் தள்ள, அறுபட்ட சாமந்தி இதழ்களும் துண்டுகளோடு சேர்ந்து விழுந்தன. தரையில் உட்கார்ந்திருந்த சந்திரம்மா ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஓரத்தைக் கத்தரியால் கோணல்மாணலாக நறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுத் துணி ரோல்கள் நின்றன. உறைமேல் மமதாவின் கம்பெனி பெயர்.

“நாணு! இன்னா இது? பூஜையன்னிக்கு மெஷின் ஓட்டறீங்க?”

நாணு மெஷினை நிறுத்தினான். “பூஜை ஆயிடுச்சுக்கா. இது வாடகை மெஷின். சொந்த ஆயுதத்துக்குத்தான் லீவு, வாடகைக்கு எடுத்ததுக்குக் கெடையாதுன்னு அண்ணன் சொன்னாரு. நம்ம சொந்த மெஷின் அதோ, ரெஸ்ட்ல கீது பாருங்க.”

மூலையில் பழைய கட்டிங் மெஷின் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, காலடியில் எலுமிச்சம்பழத்தோடு அமைதியாக இருந்தது. சாமியிடமே வாடகைச் சட்டம் பேசிய குடும்பம் பெங்களூரில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

“நீங்க இன்னா பண்றீங்க சந்திரம்மா? எதுக்கு ஓரத்தக் கெடுக்கறீங்க?”

“நேரா இருந்தா புதுசுன்னு தெரிஞ்சிடுமாம்மா. வேஸ்ட் மாதிரி காணணுமாம். பேகா, சீக்கிரம் முடிங்கன்னு உயிர வாங்கறாரு.”

பார்கவிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். கடுகு நிறம், கையகலம், கோணல் ஓரம். இதே துண்டுகளைத்தான் அவள் மாதக்கணக்கில் பொறுக்கி, தடவி, ஐயோ பாவம் என்று ஒட்டுப் போட்டுத் தைத்து வந்திருக்கிறாள். புதுத் துணி வாசனை அவளுக்குப் பிடிக்கும். இன்றைக்கு அதே வாசனை மூக்கில் ஏறியதும் குமட்டியது. துண்டைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பின்கதவு வழியாக பிரகாஷ் வந்தான். மனைவியைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் செத்துவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டு, “நீ எதுக்கு இங்க வந்த? நேரா ஃபேக்டரிக்குப் போகச் சொன்னேனே?” என்றான்.

“இது புதுத் துணிங்க.”

“புதுசா இருந்துச்சு. வெட்டிட்டோம்ல, இப்ப வேஸ்ட்தான்.”

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அது ஒரு பதில் என்று நினைத்துச் சொன்னான். பார்கவியின் உடம்பு கூசியது.

“அப்ப நெஜமான வேஸ்ட் எங்க?”

அவன் வாயைத் திறக்குமுன் அவள் பின்கதவுக்குப் போய்விட்டாள். பின்பக்கச் சந்தில், தார்ப்பாய்கூட இல்லாமல், ஆள் உயரத்துக்கு அது குவிந்து கிடந்தது. சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கோடு போட்டது என்று ஒன்றோடொன்று சேராத ஆயிரம் துண்டுகள். பெய்த மழையெல்லாம் குடித்து ஊறி, அடியில் கறுத்து, அழுகல் நாற்றம் அடித்தது. குவியலிலிருந்து சாயம் கசிந்து சாக்கடையில் ஊதாவாக ஓடியது. அதில் யாரோ புகையிலை எச்சிலும் துப்பி வைத்திருந்தார்கள். பார்கவி சுவரைப் பிடித்துக்கொண்டு காறித் துப்பினாள்.

“இத இன்னா பண்ணுவீங்க?”

“லாரி வரும். செங்கல் சூளைக்காரன் எடுத்துக்குவான்.”

“எரிக்கவா?”

பிரகாஷ் மணியைப் பார்த்தான். “வா, நேரமாச்சு.”

ஸ்கூட்டருக்கும் வாழைக்கன்று கட்டியிருந்தது. பழைய மெட்ராஸ் ரோட்டில் அந்த வாழையிலை பார்கவியின் முகத்தில் பட்பட்டென்று அடித்துக்கொண்டே வந்தது. ஒதுக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“மமதாவுக்குத் தெரியுமா?” என்று முதல் சிக்னலில் கேட்டாள்.

பிரகாஷ் ஹாரனை அழுத்தினான்.

“உங்களத்தான் கேக்கறேன்.”

“அவள இதுல இழுக்காத. இன்னைக்கு ஒரு நாளு வாய மூடிக்கினு இரு பார்கவி. மீதிய வீட்ல பேசிக்கலாம்.”

அப்படியானால் தெரியாது என்று பார்கவி முடிவு கட்டினாள். பாவம், அந்தப் பெண் துணி துணி என்று உயிரை விடுகிறாள். கூடப் பிறந்தவனே குழி பறிக்கிறான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து கேமராவைத் திருப்புமுன் அவளிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நினைப்பு ஒன்றுதான் அவளை ஃபேக்டரி வரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஃபேக்டரி வாசலில் பூசணிக்காய் உடைந்து குங்குமச் சிவப்பில் கிடந்தது. உள்ளே தையல் மெஷின்களுக்கெல்லாம் மாவிலையும் சாமந்தியும். பார்கவி நேராகப் போய் மமதாவின் கையைப் பிடித்து மாடிப்படி மறைவுக்கு இழுத்தாள்.

“மமதா, நான் சொல்றதக் கேட்டு அழக் கூடாது. உங்க அண்ணன் உன்ன ஏமாத்தறாரு. குடோன்ல புது ரோல வெட்டித் துண்டு போட்டு, வேஸ்ட்டுன்னு உனக்கு அனுப்பறாரு. என் கண்ணால பாத்துட்டு வரேன்.”

மமதா அழவில்லை. படிக்கட்டில் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அண்ணியின் புடவைக் கொசுவத்தை நீவிச் சரிசெய்தாள்.

“மெதுவா பேசுங்க அண்ணி. ரோல அனுப்பினதே நான்தான்.”

பார்கவி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“முதல் தடவ நெஜ வேஸ்ட்லதான் தைச்சு அனுப்பினோம், ஞாபகம் இருக்கா? மொத்தமும் ரிஜெக்ட். ஒரு பை மாதிரி இன்னொரு பை இல்லையாம். கஸ்டமர் ஃபோட்டோல பாத்த கலர்தான் வீட்டுக்கு வரணுமாம். அவங்களுக்கு வேஸ்ட் வேணும் அண்ணி, ஆனா வேஸ்ட் மாதிரி இருக்கக் கூடாது. நான் இன்னா பண்ணட்டும்?”

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா? மொதல்ல மூடறது என் டிபார்ட்மென்ட். அப்புறம் உங்க தையல் லைன். அப்புறம் அண்ணன் குடோன். நம்ம வீட்ல அடுப்பு எரியறது இந்த மூணுலதான். கொஞ்ச நாள் போகட்டும், பேர் நின்னுட்டா நெஜ வேஸ்ட்டுக்கு மாத்திடலாம். ப்ராமிஸ்.”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இங்கே தொட்டிலை ஆட்டுவதற்கென்றே பிள்ளையைக் கிள்ளுகிறார்கள். அந்தத் தொட்டிலில் தொங்குகிற அட்டையில் சிரிப்பது யார்? பார்கவிக்குத் தன் பல்லையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

“எத்தனை தண்ணி போகுதுன்னு நீதானேடி எனக்குச் சொன்ன?”

“அது உண்மைதான் அண்ணி,” என்றாள் மமதா. “இன்னைக்கும் உண்மைதான்.” அவள் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரும் பார்கவிக்கு அருவருப்பாக இருந்தது.

மேலே யாரோ மமதாவைக் கூப்பிட்டார்கள். வந்துவிட்டார்கள்.

சாம்பிள் அறையில் பார்கவியின் மெஷினுக்கு மட்டும் இரட்டை மாலை. மற்ற தையல்காரிகளெல்லாம் கீழே பூஜையில் இருந்தார்கள். ஜெனரல் மேனேஜர் வடக்கத்திக்காரர். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாள் நெற்றியில் பெரிய குங்குமம் வைத்துக்கொண்டு, பார்த்ததையெல்லாம் பார்த்து உருகிக்கொண்டிருந்தாள். அவள் கம்பெனி அமர்த்திய கேமராக்காரர் ஆண்ட்ரூ, முப்பது வயதிருக்கும், ஒரு வார்த்தை பேசாமல் பார்கவியின் புடவையில் மைக்கை மாட்டினார். பிரகாஷ் வெள்ளைச் சட்டையில் வாசலோரம் நின்றான்.

“உங்க தாய்மொழியிலயே பேசணுமாம் அண்ணி. அதுதான் நேச்சுரலா இருக்குமாம். நான் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்,” என்று மமதா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த நாலு வரி மட்டும். சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க.”

வெளிநாட்டு அம்மாள் என்னவோ கேட்டாள்.

“இந்தத் துணியெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு கேக்கறாங்க.”

பார்கவி சிரித்தாள். முகம் அட்டையில் இருந்தது போலவே இருந்தது.

“புது ரோல வெட்டி வருது,” என்றாள் நிதானமாக. “என் வீட்டுக்காரர் வெட்டறாரு. வேஸ்ட் மாதிரி தெரியணும்னு ஓரத்தக் கெடுக்கறாங்க. நெஜ வேஸ்ட் குடோன் பின்னாடி மழையில அழுகிக் கெடக்கு. அத எரிக்கறதுக்கு லாரி வரப் போவுது.”

வாசலோரம் பிரகாஷ் அசையாமல் நின்றான். மமதாவின் நகம் பார்கவியின் கையில் பதிந்தது. ஆனால் அவள் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. இங்கிலீஷில் சரளமாகப் பேசினாள். பார்கவிக்கு அங்கங்கே சில வார்த்தைகள் பிடிபட்டன. குப்பைக்குப் போக இருந்த ஒவ்வொரு துண்டையும் நாங்கள் காப்பாற்றுகிறோம் என்கிறாள்.

வெளிநாட்டு அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள்.

“இந்த வேலை செய்யும்போது உங்களுக்கு எப்படி இருக்குன்னு...” மமதாவுக்குக் குரல் இறங்கியது. “அண்ணி, ப்ளீஸ்.”

“அருவருப்பா இருக்கு,” என்றாள் பார்கவி, சிரிப்பு மாறாமல். “என் மூஞ்சிய நானே பாக்க முடியல. இத வாங்கறவங்கள நெனச்சாலும் கொமட்டுது, விக்கற நம்மள நெனச்சாலும் கொமட்டுது.”

“பெருமையாக இருக்கிறதாம்,” என்று மமதா இங்கிலீஷில் சொன்னாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெனரல் மேனேஜர்தான் ஓங்கித் தட்டினார். வெளிநாட்டு அம்மாள் ஓடிவந்து பார்கவியைக் கட்டிக்கொண்டாள். அவள் மேலிருந்து வந்த சென்ட் வாசனையில் பார்கவி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கூட்டம் பிரசாதத் தட்டின் பக்கம் நகர்ந்தது. பார்கவி மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சொல்லியாயிற்று என்று நெஞ்சு லேசாகவில்லை. ‘நியூ கிளாத்’ என்று இரண்டே வார்த்தை, அது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாளுக்கு அங்கேயே புரிந்திருக்கும். சொல்லவில்லை. மமதா விழுங்கிவிடுவாள் என்று தெரிந்துதான், தமிழில் அத்தனை தைரியம் வந்தது. மற்றவர்கள் மேல் பட்ட அருவருப்பெல்லாம் சேர்ந்து இப்போது தன் மேலேயே திரும்பியது. சீ, இதுவும் ஒரு உண்மையா?

ஆண்ட்ரூ மைக்கைக் கழற்ற வந்தார். கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல், “அக்கா, நானும் பெங்களூர்தான், காக்ஸ் டவுன்,” என்றார்.

அவர் பேசியது தமிழ். பார்கவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க சொன்னது மொத்தமும் ரெக்கார்ட் ஆயிருக்கு. அவங்க இங்கிலீஷ்ல சொன்னது வேற. வீடியோக்குக் கீழ எழுத்து ஓடும் இல்ல, அத எழுதிப் போடறவன் நான்தான். எனக்கு ஒன்னும் இல்லக்கா. வேலை செய்ய வந்தவன். வீடு, வாசல், வேலை எல்லாம் உங்களோடது. அதான் கேக்கறேன், எதப் போடட்டும்?”

அறையின் மறுகோடியில் மமதா வெளிநாட்டு அம்மாளுக்குக் பூஜைப் பொரியான கடலைப்புரியை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பெண்தான். பார்கவிக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்துக்கொண்டவள்தான்.

பார்கவி மமதாவிடமிருந்து பார்வையைத் திருப்பினாள்.

“நான் சொன்னதையே போடுங்க தம்பி.”

“நல்லா யோசிச்சு...”

“யோசிச்சாச்சு. ஒரு வார்த்தகூட மாத்தாதீங்க.”

“போடச் சொல்லு.” பின்னாலிருந்து பிரகாஷின் குரல். அவன் எப்போது வந்து நின்றான் என்று அவளுக்குத் தெரியாது. கோபப்படும்போதெல்லாம் கத்துகிறவன், இன்றைக்குக் குரலை உயர்த்தவே இல்லை. “தாராளமா போடச் சொல்லு. ஆனா அது வெளிய வர்ற அன்னிக்கு நீ எந்த வீட்ல இருப்பேன்னு இப்பவே முடிவு பண்ணிக்க.”

ஆண்ட்ரூ மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிரகாஷ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் அழுவாள், கையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தான் போல.

பார்கவி எழுந்து நின்றாள்.

“தம்பி,” என்றாள், கணவன் பக்கம் திரும்பாமலே. “உங்க நம்பரக் குடுங்க. என் அட்ரஸ் மாறினா சொல்றேன்.”